பேரை எடுத்துவிடவும் ஒரு வழி வையுங்க: கொங்குநாட்டுக் கட்டற்ற மென்பொருள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம், நாமக்கல், கரூர் பக்கங்களில் தன்னார்வலர்களை வைத்துக் கட்டற்ற மென்பொருள் திட்டங்களை நடத்தும் ஒருங்கிணைப்பாளர்களுக்கு,

வணக்கமுங்க.

வேலை நகரவில்லை என்றால் "ஆள் இல்லை" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உங்கள் திட்டத்தின் இஷ்யூ பட்டியலை (பிழைகளும் செய்ய வேண்டிய வேலைகளும் பதிவாகும் இடம்) திறந்து, பேர் போட்ட வேலைகளை மட்டும் வடிகட்டி, பழையது மேலே வருகிற மாதிரி அடுக்கிப் பாருங்கள். நான்கு மாதம், எட்டு மாதம் முன்னால் ஒருவர் "நான் பண்றேன்" என்று எழுதியிருப்பார். அவர் செய்யவும் இல்லை, விடவும் இல்லை. பேர் இருக்கிறதே என்று அடுத்தவர் தொடவும் இல்லை. ஆள் பஞ்சம் என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு இந்த முடக்கம்தான்.

இதில் நம் ஊர்ப் பேச்சுக்கும் பங்கு உண்டு. முகத்துக்கு நேரே "முடியாதுங்க" என்று இங்கே யாரும் சொல்வதில்லை, "பார்க்கலாமுங்க" என்போம். நேரில் பேசும்போது குரலை வைத்தே கேட்பவருக்குப் புரிந்துவிடும். இஷ்யூவின் ஓரத்தில் ஒரு பேராக மாறியதும் "சரிங்க"வுக்கும் "பார்க்கலாமுங்க"வுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது.

ஆகவே நாங்கள் கேட்பது: வேலையை எடுப்பதற்கு எவ்வளவு எளிய வழி வைத்திருக்கிறீர்களோ, விடுவதற்கும் அவ்வளவு எளிய வழி வையுங்கள். மற்ற ஏற்பாடுகளை அதைச் சுற்றி அமைக்கலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1993இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில், ஒரு பொதியை, அதாவது நிறுவத் தயாராகக் கட்டிவைத்த ஒரு மென்பொருளை, பராமரிப்பவருக்குத் தொடர முடியாமல் போனால் அதைச் சொல்வதற்கென்றே பொதுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. "இதைத் தத்தெடுக்க ஆள் வேண்டும்" என்பது ஒரு வகை. "இன்று முதல் இது அநாதை" என்பது இன்னொரு வகை. எடுத்துக்கொள்ள நினைப்பவர் அதே இடத்தில் "நான் எடுக்கப்போகிறேன்" என்று எழுதிவிட்டு எடுத்துக்கொள்கிறார். காரணம் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆயிரக்கணக்கான பொதிகளை உலகம் முழுக்கச் சிதறியிருக்கும் தன்னார்வலர்கள் இத்தனை வருடம் கட்டிக்காக்க முடிவதற்கு இப்படிப்பட்ட ஏற்பாடுகளும் ஒரு காரணம்.

நம் அளவுக்கு 14 நாள் கெடு போதும். வேலையில் எந்த அசைவும் இல்லாமல் 10 நாள் ஆனால் ஒரு கேள்வி. 14ஆம் நாள் பேர் தானாக நீங்கும். ஏன் 14? தன்னார்வலர்கள் பெரும்பாலும் சனி ஞாயிறில்தான் உட்காருகிறார்கள். 7 நாள் கெடு வைத்தால் ஒரு முகூர்த்த ஞாயிறு வந்தாலே ஆள் அவுட். 30 நாள் வைத்தால், ஒரு புதிய பதிப்புக்கு (ரிலீஸ்) வேலை செய்யும் இரண்டரை மாதச் சுற்றில் கிட்டத்தட்ட பாதி போய்விடும். 14 நாளில் இரண்டு வார இறுதிகள் கட்டாயம் வரும். "இன்னும் பண்றேங்க" என்று ஒரு வரி எழுதினால் கெடு முதலிலிருந்து ஓட வேண்டும். அதற்கு மேல் விசாரணை வேண்டாம்.

இதைத் தானாகச் செய்ய பாட் (தானியங்கி நிரல்) வைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை சில. பல திட்டங்களில் இருக்கும் ஆயத்த பாட் பழைய இஷ்யூவையே மூடிவிடுகிறது. அது தவறு. பிழை அப்படியே இருக்கிறது, பார்க்க ஆள் இல்லை என்பதுதான் உண்மை. மூடினால் பிழையைச் சொன்னவர் அடுத்த முறை எதையும் சொல்ல மாட்டார். பேரை மட்டும் நீக்கி, "எடுக்கலாம்" லேபிளை ஒட்டச் சொல்லுங்கள். கிட்ஹப் தளத்தில் பாட்டை ஓட்டும் வசதியான கிட்ஹப் ஆக்ஷன்ஸில் கால அட்டவணை வரி இயல்பாக யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நமக்குக் காலை 9:00 என்றால் அங்கே 3:30. மணி தொடங்கும் நிமிடத்தில் எல்லோருடைய பாட்டும் முண்டியடிப்பதால் ஓட்டம் தாமதமாகலாம். "37 3 * * *" (தினமும் 3 மணி 37 நிமிடம்) என்று ஒதுங்கிய நிமிடமாக வைத்தால் நமக்கு 9:07க்கு ஓடும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: பொதுக் களஞ்சியத்தில் (திட்டத்தின் கோப்புகள் எல்லோரும் பார்க்கும்படி இருக்கும் இடம்) 60 நாள் எந்த அசைவும் இல்லாவிட்டால் அந்த அட்டவணையே தானாக அணைந்துவிடும். தேர்வுக் காலம் முடிந்து திரும்பும்போது பாட் தூங்கிக்கொண்டிருக்கும். ஜனவரியிலும் ஜூனிலும் ஒருவர் போய்ப் பார்க்கட்டும்.

பேரை விட மனம் வராததற்கு இரண்டு காரணம். பாதி முடித்தது வீணாகிவிடுமே என்பது ஒன்று. முடித்தவர் பேர்தானே நிற்கும் என்பது மற்றொன்று. முதலாவதற்கு மருந்து: விடும்போது கிளையை (தன் மாற்றங்கள் உள்ள தனிப் பிரதியை) களஞ்சியத்துக்குத் தள்ளிவிட்டு மூன்று வரி எழுத வேண்டும். என்ன கண்டுபிடித்தேன், எங்கே நின்றேன், கிளையின் பேர் என்ன. மடிக்கணினியில் கிடக்கும் பாதி வேலை யாருக்கும் உதவாது. இரண்டாவதற்கு: தொடர்ந்து முடிப்பவர் கமிட் செய்தியின் (மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பு) கடைசியில் "கோ-ஆதர்டு-பை" வரியைச் சேர்த்து முந்தையவரின் பேரையும் மின்னஞ்சலையும் எழுத வேண்டும். கிட்ஹப்பில் அந்த மின்னஞ்சல் அவர் கணக்கில் இருப்பதோடு ஒத்துப்போனால்தான் அவர் பக்கத்தில் கணக்காகும். விடும்போதே மின்னஞ்சலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, வேலையை எழுதும் விதம். "தேதி சரியில்லை" என்று ஒரு இஷ்யூ இருந்தால் அதை எடுப்பவர் முதல் ஒன்றரை மணி நேரத்தை என்ன பிழை என்று தேடுவதிலேயே கழிப்பார். "பில் அச்சில் நாள் முதலில் வர வேண்டிய இடத்தில் மாதம் முதலில் வருகிறது, அச்சு வார்ப்புருவில் தேடவும், தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் நாள்-மாதம்-வருடம் என்று வந்தால் முடிந்தது" என்று இருந்தால் ஒரே இரவில் முடியும். அந்தக் கடைசிப் பகுதி, அதாவது எது வந்தால் முடிந்தது என்பது, இல்லாத இஷ்யூவுக்கு "எடுக்கலாம்" லேபிள் கொடுக்கவே கூடாது. அளவும் முக்கியம். வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு வார நாள் இரவில் கிடைப்பது இரண்டு மணி நேரம். ஓர் அமர்வில் கொஞ்சமாவது கண்ணுக்குத் தெரியும்படி முடியாத வேலைக்கு அவர் மறுபடி வர மாட்டார். 2 முதல் 4 மணி நேரத்துக்குள் நறுக்குங்கள். நறுக்க வராத வேலையா? அதை நறுக்குவதையே முதல் வேலையாகப் போடலாம்.

நிலைகள் ஐந்து போதும்: புதிது, எடுக்கலாம், கையில், பார்வைக்கு (இன்னொருவர் சரிபார்க்கக் காத்திருப்பது), முடிந்தது. வேலைகளை அட்டைகளாக நிலைவாரியாக அடுக்கும் பலகைகள் சிலவற்றில் பதினொரு பத்தி பார்க்க முடிகிறது. அலுவலகத்தில் அதை நகர்த்தச் சம்பளம் வாங்கும் ஆள் உண்டு, இங்கே கிடையாது. பத்தி கூடக்கூட அட்டை பொய் சொல்லும். ஒருவர் "கையில்" இரண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, குழுவில் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும். மூத்தவர்கள்தான் இதில் அதிகம் மீறுகிறவர்கள் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

முடிந்த வேலை மூடப்படாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் ஒரு சின்னக் காரணம்தான். புல் ரிக்வெஸ்டில் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) "ஃபிக்ஸஸ்" என்று ஆங்கிலத்தில் எழுதி இஷ்யூ எண்ணைக் கொடுத்தால், மெர்ஜ் ஆனதும், அதாவது மாற்றம் சேர்க்கப்பட்டதும், இஷ்யூ தானே மூடும். ஆனால் களஞ்சியத்தின் இயல்புக் கிளையில் (முதன்மையானதாகக் குறித்த கிளை) மெர்ஜ் ஆனால்தான் மூடும். தனியாக வளர்ச்சிக் கிளை வைத்து அதில் மெர்ஜ் செய்யும் குழுக்களில் இஷ்யூ திறந்தே கிடக்கும்; செய்து முடித்ததையே வேறொருவர் மறுபடி செய்வார். ஒன்று அந்தக் கிளையையே இயல்பாக்குங்கள், இல்லையென்றால் கையால் மூடுவதை வாரமுறைக்காரரின் வேலையில் சேருங்கள்.

வாரமுறை என்றால் என்ன என்று கேட்பீர்கள். கீழ்பவானி வாய்க்காலில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு பருவம், இரட்டைப்படை மதகுக்கு மறு பருவம் என்று தண்ணீர் விடுவது இங்கே எல்லோருக்கும் தெரிந்த ஏற்பாடு. யார் முறை எப்போது என்று முன்கூட்டியே தெரிவதால்தான் என்ன பயிர் வைப்பது என்று முடிவு செய்ய முடிகிறது. அதே போல ஒவ்வொரு வாரமும் ஒருவர் பட்டியலுக்குப் பொறுப்பு. மொத்தம் ஒரு மணி நேர வேலைதான்: புதிதாக வந்த இஷ்யூக்களுக்கு லேபிள், விவரம் போதாதவற்றில் ஒரு கேள்வி, டெலிகிராம் குழுவில் அந்த வாரம் முடிவானதை இஷ்யூவாக ஏற்றுவது, ஐந்து நாளுக்கு மேல் பார்வைக்குக் காத்திருப்பதை யாரிடமாவது ஒப்படைப்பது. குறியீடு எழுதத் தெரியாதவரும் இதைச் செய்யலாம். முறைப் பட்டியலை மூன்று மாதத்துக்குச் சேர்த்துப் போடுங்கள். மாற்றிக்கொள்ள வேண்டியவர்கள் தங்களுக்குள் பேசி மாற்றிக்கொள்ளட்டும், ஒருங்கிணைப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

டெலிகிராம், வாட்ஸ்அப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பேசுவதற்கு நல்ல இடம். ஆனால் இஷ்யூ எண் இல்லாத முடிவை முடிவாகக் கொள்ளாதீர்கள்.

இப்போது கணக்கு. குழுவில் 40 பேர் இருக்கலாம். கடந்த மூன்று மாதத்தில் ஏதாவது செய்தவர்களை மட்டும் எண்ணுங்கள். 4 பேர் என்று வையுங்கள், ஆளுக்கு வாரம் 3 மணி நேரம்: மொத்தம் 12. அதில் பாதி பிறர் எழுதியதைப் பார்ப்பதிலும், கேள்விக்குப் பதில் சொல்வதிலும் போகும். மிச்சம் 6. பத்து வாரச் சுற்றுக்கு 60 மணி நேரம். 3 மணி நேர வேலைகளாக 20 வரும். கல்யாணம், காய்ச்சல், மின்தடைக்குக் கால்பங்கு கழித்தால் 15. அடுத்த ரிலீஸுக்கான வேலைப் பட்டியலில் (மைல்ஸ்டோன்) 15க்கு மேல் போடாதீர்கள். 60 போட்டு 14 முடிந்தால் எல்லோருக்கும் தோற்ற மாதிரி இருக்கும். 15 போட்டு அதே 14 முடிந்தால் அடுத்த சுற்றுக்கும் ஆள் வருவார்கள்.

நெருக்கடி எழுதுவதில் இல்லை, பார்வையில்தான். எழுதி ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தால் எழுதியவருக்கே தான் எழுதியது மறந்திருக்கும். தன்னுடையது ஒன்று அனுப்புபவர் பிறருடையது ஒன்றைப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தால் வரிசை நீளாது. புதியவர்கள் கூட ஓட்டிப் பார்த்து "எனக்கு வேலை செய்கிறது, உபுண்டு 24.04" என்று எழுதலாம், அதுவும் பார்வைதான்.

இந்த இடத்தில் கல்லூரித் துறைகளுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். மதிப்பெண்ணுக்காக ஒரு வகுப்பையே ஒரே வாரத்தில் புல் ரிக்வெஸ்ட் போடச் சொல்வது உதவி ஆகாது. 60 மாணவர், ஒவ்வொன்றையும் பார்க்க அரை மணி நேரம் என்றால் 30 மணி நேரம். மேலே சொன்ன குழுவுக்கு வேறு எதுவும் செய்யாமல் இரண்டரை வாரம். அவசரத்தில் வருவதும் ரீட்மீ எனும் அறிமுகக் கோப்பில் ஒரு காற்புள்ளி மாற்றம்தான். 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற, புல் ரிக்வெஸ்ட்டுகளுக்குப் பரிசு தரும் நிகழ்ச்சியின் நேரத்தில் உலகம் முழுக்க இப்படிக் குப்பை குவிந்து, விரும்பிப் பதிவு செய்த களஞ்சியங்கள் மட்டுமே கணக்கில் வரும் என்று விதியை மாற்ற வேண்டி வந்தது. இரண்டு மாதம் முன்னால் சொல்லுங்கள், ஆறு ஆறு பேராக அனுப்புங்கள். மெர்ஜ் ஆனதற்கு மட்டுமல்ல, ஒரு பிழையைச் சரியாக விவரித்ததற்கும் மதிப்பெண் கொடுங்கள்.

காலண்டருக்கு வருவோம். அதிகம் சொதப்புவது இங்கேதான்.

குழுவுக்கு ஒரே ஒரு காலண்டர், அதை எல்லோரும் ஐசிஎஸ் (காலண்டர் கோப்பு வடிவம்) முகவரி வழியாகச் சந்தா செய்ய வேண்டும். கோப்பைப் பதிவிறக்கி உள்ளே ஏற்றினால் அது அன்றைய நகல் மட்டுமே. நீங்கள் பிறகு கூட்டத்தை ஞாயிறுக்கு மாற்றினாலும் அவர் போனில் சனிதான் நிற்கும். சந்தா செய்தாலும் கூகுள் காலண்டர் மாற்றத்தை எடுத்துக்கொள்ள 12 மணி நேரம் வரை ஆகலாம். ஆகவே அன்றைக்கே மாற்றுவதென்றால் குழுவிலும் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.

நிகழ்வில் "ஆசியா/கொல்கத்தா" என்று நேர மண்டலம் எழுதப்பட்டிருக்க வேண்டும். அது இல்லாத நிகழ்வை ஒவ்வொரு போனும் தன் ஊர் நேரமாக எடுத்துக்கொள்ளும். இரவு 8 மணிக் கூட்டத்துக்குச் சிங்கப்பூரில் இருப்பவர் இரண்டரை மணி நேரம் முன்னால் வந்து காத்திருப்பார். துபாயில் இருப்பவர் ஒன்றரை மணி நேரம் கழித்து, எல்லாம் முடிந்த பிறகு வருவார். மண்டலம் சரியாக இருந்தால் நம் 8 மணி சிங்கப்பூருக்கு 10:30, துபாய்க்கு 6:30. யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் வித்தியாசமே இல்லை. லண்டனுக்குக் கோடையில் பிற்பகல் 3:30, குளிர்காலத்தில் 2:30. டொரொண்டோவுக்குக் காலை 10:30, குளிர்காலத்தில் 9:30. வட அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறில் கடிகாரத்தை மாற்றுகிறது, ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறில்தான் மாற்றுகிறது. இடைப்பட்ட வாரங்களில் ஒரு சாராருக்கு மட்டும் நேரம் நகர்ந்திருக்கும். இலையுதிர்காலத்தில் ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, வட அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. அந்த நான்கு தேதிகளையும் காலண்டரிலேயே போட்டுவையுங்கள்.

ஐசிஎஸ் கோப்பை நிரல் எழுதி உருவாக்கும் குழுக்களுக்கு இரண்டு குறிப்பு. நிகழ்வை மாற்றும்போது அதன் அடையாள எண்ணான யூஐடி மாறக் கூடாது. மாறினால் பழையதும் புதியதுமாக இரண்டு கூட்டம் தெரியும் காலண்டர்கள் உண்டு. முழுநாள் நிகழ்வில் முடிவுத் தேதி கணக்கில் சேராது. ஜனவரி 14 முதல் 16 வரை பொங்கல் விடுப்பு என்றால் முடிவாக 17 எழுத வேண்டும். 16 என்று எழுதியதால் அன்றைக்குக் கூட்டம் வைத்துவிட்டு யாரும் வரவில்லையே என்று வருந்த வேண்டாம்.

ஆட்கள் எப்போது இருக்க மாட்டார்கள் என்பதற்குத் தனியாக ஒரு கோப்பு வேண்டும். அரசு விடுமுறைப் பட்டியல் பொங்கலையும் தீபாவளியையும் காட்டும். ஊர் நோம்பியை, அதாவது கோயில் திருவிழாவை, காட்டாது. பல ஊர்களில் பூச்சாட்டு எனும் தொடக்கச் சடங்கு ஆன பிறகுதான் நோம்பித் தேதியே உறுதியாகும். ஆகவே மாசி, பங்குனி, சித்திரையில் எந்தக் கெடுவையும் நம்பாதீர்கள். திருப்பூர்க்காரர்களுக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் கிடையாது. மாணவர்களுக்கு நவம்பர்-டிசம்பரும் ஏப்ரல்-மேயும் கிடையாது. கோப்பில் ஆளுக்கு ஒரு வரி, பேரும் தேதிகளும் மட்டும். காரணம் எழுத வேண்டாம். அது பொது இணையத்தில் என்றைக்கும் நிற்கும். யாருக்கு அறுவை சிகிச்சை, யார் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதெல்லாம் உலகத்துக்குத் தெரிய வேண்டியதில்லை.

இதையெல்லாம் கழித்தால் ரிலீஸுக்கு மிஞ்சுவது பிப்ரவரி முதல் பாதி, ஜூலைக் கடைசி, செப்டம்பர்க் கடைசி. வருடத்துக்கு மூன்று போதும். தேதியை நிலையாக வைத்து, முடிந்ததை மட்டும் ஏற்றுங்கள். உபுண்டு இயங்குதளம் ஏப்ரலிலும் அக்டோபரிலும், க்னோம் எனும் லினக்ஸ் திரைச்சூழல் மார்ச்சிலும் செப்டம்பரிலும் வருவது இப்படித்தான். லினக்ஸின் மையமான கெர்னலில் புதியவற்றைச் சேர்க்க இரண்டு வாரம்தான் கதவு திறக்கும்; பிறகு ஏழெட்டு வாரம் பிழை திருத்தம் மட்டும். தவறவிட்டவர் அடுத்த சுற்றில் ஏற்றுகிறார். "இந்த ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டு வெளியிடலாமே" என்று ஒரு முறை இடம் கொடுத்தால் அடுத்த முறை அப்படி ஐந்து வரும்.

மொழிபெயர்ப்பாளர்களை மறந்துவிடாதீர்கள். ரிலீஸுக்கு மூன்று நாள் முன்னால் ஒருவர் "சேமி" பொத்தானின் ஆங்கில வாசகத்தை அழகுபடுத்தினால், தமிழில் அந்த வரி ஃபஸியாகி (மறுபடி சரிபார்க்க வேண்டியது என்று குறிக்கப்பட்டு), பயனருக்கு ஆங்கிலத்தில் தெரியும். வெப்லேட் எனும் மொழிபெயர்ப்புத் தளத்தில் நேற்று நூறு சதவீதம் காட்டிய தமிழ் இன்று குறைந்திருக்கும். ரிலீஸுக்கு 14 நாள் முன்பிருந்து திரையில் தெரியும் எந்த வாசகத்தையும் மாற்றக் கூடாது. தவிர்க்க முடியாமல் மாற்றினால் மொழிபெயர்ப்பவரிடம் முதலில் கேட்க வேண்டும். தமிழர் நடத்தும் திட்டத்திலேயே தமிழ் பாதியில் நிற்பது வெட்கக்கேடு.

கடைசியாக, யார் பேரிலும் இல்லாத வேலைகள். டொமைன் (தள முகவரி) புதுப்பிப்பு, தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ், வெளியிடும் கோப்புகளில் இடும் மின்கையொப்பச் சாவியின் காலாவதி. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் தானியங்கிக் கட்டண விதிகள் வந்த பிறகு, வெளிநாட்டு நிறுவனத்தில் கார்டைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது. பணம் போகாமல் நிற்கலாம். இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட், அது காலாவதியாகப் போவதை நினைவூட்டும் மின்னஞ்சலை 2025 ஜூனோடு நிறுத்திவிட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் காலண்டரில் 60 நாள் முன்னால் ஒரு நிகழ்வு, இஷ்யூவாகவும் ஒரு பதிவு, உள்நுழையும் உரிமை உள்ளவர்கள் குறைந்தது இருவர். இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்களாகவோ ஒரே வகுப்பில் படிப்பவர்களாகவோ இருக்க வேண்டாம்.

எந்தக் கருவியில் இதையெல்லாம் செய்வது என்று விவாதித்து மாதங்களைக் கழிக்காதீர்கள். கிட்ஹப், கிட்லேப், ஃபோர்ஜெஜோ எதுவானாலும் சரி; டெபியன் இன்னும் மின்னஞ்சலிலேயே பிழைப் பட்டியல் நடத்துகிறது. முப்பது வேலைக்குள் என்றால் ஒரு விரிதாள் கூடப் போதும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டு வருடம் மாற்றாமல் இருங்கள். மாற்றும்போது இஷ்யூ எண்கள் மாறிவிட்டால், பழைய கமிட் செய்திகளில் உள்ள எண்கள் எல்லாம் எங்கோ போய் நிற்கும்.

தொடங்குவதற்கு, வரும் சனிக்கிழமை உங்கள் பட்டியலில் இரண்டு மாதத்துக்கு மேல் பேர் போட்டுக் கிடக்கும் ஒவ்வொரு வேலையிலும் ஒரு செய்தி போடுங்கள். நான்கு நாள் கழித்து, பதில் வராதவற்றில் பேரை எடுங்கள். பாட் போட வேண்டிய வாசகமும் இதுவே; மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம்:

"வணக்கமுங்க. இந்த வேலை இன்னும் உங்க கையில இருக்குதுங்களா? இருந்தா ஒரு வரி எழுதுங்க, போதும். இல்லைன்னா பரவாயில்லைங்க, காரணம் சொல்ல வேண்டியதில்லை. நாலு நாள் பார்த்துட்டு பேரை எடுத்துடறோம். இதுவரைக்கும் செஞ்சது ஏதாச்சும் இருந்தா கிளையைத் தள்ளிட்டுப் போங்க. எப்ப வேணும்னாலும் திரும்ப எடுத்துக்கலாமுங்க."

இப்படிக்கு,
பணிப்பட்டியலும் காலண்டரும் பார்த்துக்கொள்ளும் தன்னார்வலர்கள் சிலர்,
கோவை – ஈரோடு